3,544 நத்தைகள்: கோர்சிகாவின் கவு ஆற்றில் என்ன நடந்தது?

2013 ஆகஸ்டில் ஒரு ஜெர்மன் குடும்பம் விடுமுறைக்கு, மத்தியதரைக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான கோர்சிகா தீவுக்குப் போனது. தீவின் தென்கிழக்கில் கவு என்று ஒரு சிற்றாறு இருக்கிறது; அதில் குளித்தார்கள், ஊர் திரும்பினார்கள். சில மாதங்கள் கழித்து அந்த வீட்டில் சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், பிரான்ஸின் துலூஸ் நகரத்து மருத்துவமனைக்கும் இதே தொந்தரவோடு ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள்.

ஐரோப்பாவில் ஒரு பிள்ளைக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால், மருத்துவரின் யோசனை முதலில் கிருமித் தொற்றுக்குப் போகும். அப்புறம் கல், சிறுநீரகக் கோளாறு. இங்கே நுண்ணோக்கியில் தெரிந்தது ஒரு முட்டை. மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு நீளம், ஒரு முனையில் கூரான முள். வெப்பமண்டல நோய்கள் படித்த எவருக்கும் அந்த முள் போதும். ஷிஸ்டோசோமா ஹெமட்டோபியம் என்ற ரத்தப் புழுவின் முட்டை அது. பில்ஹார்சியா நோய்.

ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவின் சில பகுதிகளிலும் பிடிக்கிற நோய் இது. ஆனால் இந்தக் குடும்பங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. துருவிக் கேட்டபோது எல்லோரும் சொன்ன ஒரே பொதுவான இடம் கவு ஆறு.

அடுத்த சில மாதங்களில் உள்ளூர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களுமாக 120-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. இது எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது, அந்த ஆற்றில் இருந்த சின்ன நத்தைக்கு இதில் என்ன பங்கு என்று தேடியவர்களின் வேலையை நான் பல முறை படித்திருக்கிறேன். நோய்ப் புலனாய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். முழுமையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மலையூரும் அதன் கடற்கரையும்

கோர்சிகா கடலுக்கு நடுவே எழுந்து நிற்கும் மலை என்றே சொல்லலாம். அதன் மிக உயர்ந்த சிகரம் 2,706 மீட்டர். தெற்கே பவெல்லா என்ற கருங்கல் மலைத்தொடர். அதன் சரிவுகளில் சோன்சா, கோன்கா போன்ற சிறிய ஊர்கள். சோன்சா கிராமம் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அதன் நிர்வாக எல்லை கடற்கரை வரை நீள்கிறது. கீழே, கரையோரத்தில் இருக்கும் சான்ட் லூசி என்ற ஊரும் சோன்சாவைச் சேர்ந்ததுதான்.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. கோர்சிகாவின் கிழக்குக் கரையில் ஒரு காலத்தில் மலேரியா தலைவிரித்தாடியது. குளிர்காலத்தில் மக்கள் ஆடு மாடுகளோடு சமவெளிக்கு இறங்குவார்கள். வெயில் காலம் தொடங்கியதும் கொசுவுக்குப் பயந்து மலைக்கு ஏறிவிடுவார்கள். ஒரே ஊருக்கு மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடுமாக இருந்தது இதனால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி தெளித்து மலேரியாவை ஒழித்தார்கள். அதன் பிறகு கடற்கரையில் கோடையிலும் தங்க முடிந்தது. தங்கும் விடுதிகள், முகாம்கள், சுற்றுலா எல்லாம் அந்த மாற்றத்தின் மேல் எழுந்தவை. முன்பு வெயில் காலத்தில் ஆளே இல்லாமல் கிடந்த இடம், இப்போது வெயில் காலத்தில்தான் நிரம்பி வழிகிறது.

கவு ஆறு அந்த மலையிலிருந்து இறங்கிச் சான்ட் லூசிப் பக்கமாகக் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் வேகமாக ஓடும். கோடையில் நீர் வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். பிள்ளைகளுக்கு ஏற்ற ஆழம், மெல்ல நகரும் நீர், பகல் முழுக்க வெயில் பட்டு வெதுவெதுப்பான குளியல். கடல் அலைக்குப் பயப்படும் குடும்பங்கள் இங்கேதான் வரும்.

தெளிந்த நீர் என்றால் நல்ல நீர் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். பில்ஹார்சியாவைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சாக்கடை கலந்து நாறும் நீரில் இந்த நத்தை வாழ்வது கடினம். வெயில் விழும், பாசி படர்ந்த, மெல்ல நகரும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம்.

நத்தை

அதன் பெயர் புலினஸ் ட்ரங்கேட்டஸ். வளர்ந்த நத்தையின் ஓடு சுண்டுவிரல் நகத்தளவு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குஞ்சுகள் அதைவிட மிகச் சிறியவை, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்பக்கமாகச் சுருளும். இது இடப்பக்கமாகச் சுருளும். கோர்சிகாவில் மட்டும் இல்லை, சார்டினியா, சிசிலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல இடங்களில் வாழ்கிறது. யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. ஆராய்ச்சியாளர்கள் கவு ஆற்றுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தீவில் இருக்கிறது.

இதன் இனப்பெருக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வழக்கில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஒவ்வொரு நத்தைக்குள்ளும் ஆண், பெண் இரண்டு தன்மையும் இருக்கின்றன. துணையே இல்லாமல் தன்னாலேயே கருவுற்று முட்டையிட முடியும். இந்த இனத்தில் பல நத்தைகளுக்கு ஆண் உறுப்பே வளர்வதில்லை. அவை பெரும்பாலும் தற்கருவுறுதலை நம்பியே வாழ்கின்றன. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, வெள்ளத்தில் எல்லாம் அடித்துப் போய் ஒரே ஒரு நத்தை மிஞ்சினாலும் அடுத்த கோடைக்குள் குட்டை மறுபடி நிரம்பிவிடும். இன்னொன்று, ஒரு குட்டையில் இருப்பவை எல்லாம் மரபணு அளவில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கும். ஒரு புழுவுக்கு அங்கே ஒரு நத்தை ஒத்துப்போனால், மற்றவையும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

அந்தப் புழுவின் வாழ்க்கைக்கு இரண்டு வீடுகள் வேண்டும். பெரிய புழுக்கள் மனித உடலில், சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழ்கின்றன. பெண் புழு இடும் முட்டைகளில் ஒரு பகுதி சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து வெளியே வரும். ரத்தம் வருவது அதனால்தான். மீதி முட்டைகள் திசுக்களிலேயே சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் தழும்பேறி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரைகூடப் போகும். பெண்களுக்கு இனப்பெருக்க உறுப்புகளிலும் புண்கள் வரும்.

சிறுநீரோடு ஆற்றில் விழுந்த முட்டை பொரித்து, நீந்தும் ஒரு நுண்ணிய இளம்புழு வெளியே வருகிறது. அதற்கு ஆயுள் ஒரு நாள் அளவுதான். அதற்குள் சரியான நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால் அந்த நத்தைக்குள் சில வாரங்களில் பெருகும். ஒரே ஒரு இளம்புழுவிலிருந்து ஆயிரக்கணக்கான வாலுள்ள புழுக்கள் கிளம்பும். அவை நத்தையை விட்டு வெளியேறுவது வெளிச்சத்தில், முக்கியமாக நடுப்பகலில். தோல் பட்ட சில நிமிடங்களில் உடலுக்குள் போய்விடும். வெட்டுக்காயமோ புண்ணோ தேவையில்லை. ஆற்றில் மக்கள் இறங்குவதும் அதே நடுப்பகலில்தான். நோயாளியின் சிறுநீரில் முட்டை அதிகம் வருவதும் நண்பகலை ஒட்டியே. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வது, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனின் பழக்கத்தை ஒட்டியே வாழ்ந்த ஒரு உயிரின் தகவமைப்பு. கிமு 1000-க்கும் முந்தைய எகிப்திய மம்மிகளின் சிறுநீரகங்களில் இந்த முட்டைகளை மார்க் அர்மாண்ட் ரஃபர் 1910-இல் கண்டு சொல்லியிருக்கிறார்.

தேடல்

பிரான்ஸின் பெர்பிஞான் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் புவாசியே தலைமையிலான குழு, மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-இல் இறங்கியது. தொற்று நடந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒன்பது இடங்களில் நத்தைகளைத் தேடினார்கள். கவு ஆற்றோரம் இரண்டு இடங்கள் முக்கிய மையங்களாகத் தெரிந்தன. இரண்டிலுமே புலினஸ் நத்தைகள் ஏராளம். எல்லா இடங்களிலுமாக மொத்தம் 3,544 நத்தைகளைச் சேகரித்துச் சோதித்தார்கள்.

அவற்றில் ஒன்றில்கூடப் புழு இல்லை.

இங்கே பலர் தடுமாறிவிடுவார்கள். நத்தைதான் பரப்பியது என்கிறீர்கள், ஆனால் தொற்றிய நத்தை ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோய் நிரந்தரமாக இருக்கும் ஆப்பிரிக்க ஊர்களிலேயே, ஒரு சமயத்தில் தொற்றுள்ள நத்தைகள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். கவு ஆற்றில் ஆயிரத்துக்கு ஒரு நத்தையில் தொற்று இருந்திருந்தால், 3,544-இல் மூன்று நான்காவது அகப்பட்டிருக்க வேண்டும். ஐயாயிரத்துக்கு ஒன்று என்றால், ஒன்றும் அகப்படாமல் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதோடு, தொற்றுப் பரவியது 2013 கோடையில். தேடியது ஒரு குளிர்காலம் கடந்து. இந்த நத்தையின் ஆயுள் நீண்டதல்ல. முந்தைய கோடையில் புழுவைச் சுமந்தவற்றில் பெரும்பகுதி அதற்குள் செத்தோ, மழைவெள்ளத்தில் போயோ இருக்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்தது. நத்தையில் புழுவைத் தேடிக் கிடைக்காதபோது, கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இந்த ஊர் நத்தையால் இந்தப் புழுவை வளர்க்க முடியுமா? கோர்சிகாவிலேயே தொற்று வாங்கிய ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, அந்த இளம்புழுக்களை ஆய்வகத்தில் கோர்சிகா நத்தைகளோடு விட்டார்கள். நத்தைகளுக்குத் தொற்றியது. ஆற்றில் இது நடந்திருக்க முடியும் என்பது அதோடு உறுதியானது.

பொதுவான இடம் கவு ஆறு. அங்கே நத்தை இருக்கிறது. அந்த நத்தைக்கும் நோயாளிகளின் புழுவுக்கும் ஒத்துப்போகிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் வேறு விளக்கத்துக்கு இடம் இல்லை. தொற்றிய நத்தையை நேரில் பார்க்காமலேயே வழக்கை நிறுவிவிட்டார்கள்.

புழு எங்கிருந்து வந்தது?

12 நோயாளிகளிடமிருந்து கிடைத்த 73 முட்டைகளையும் இளம்புழுக்களையும் மரபணு ஆய்வுக்கு எடுத்தார்கள். இரண்டு இடங்களைப் பார்த்தார்கள். ஒன்று தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு. மற்றது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கருவின் ஒரு பகுதி. இரண்டும் ஒரே இனத்தைக் காட்டினால் சிக்கல் இல்லை. இங்கே சில முட்டைகளில் இரண்டும் வெவ்வேறு இனத்தைக் காட்டின. மனிதனைத் தாக்கும் ஷிஸ்டோசோமா ஹெமட்டோபியமும், மாட்டைத் தாக்கும் ஷிஸ்டோசோமா போவிஸும் கலந்த கலப்பினம் அது. தூய ஹெமட்டோபியம் என்று சொல்லத்தக்கவையும் இருந்தன. போவிஸ் அடையாளம் மட்டும் தெரிந்தவையும் இருந்தன. பின்னர் 2021-இல் கோர்சிகாப் புழுவின் முழு மரபுத்தொகுதியையும் பார்த்தபோது, அதில் 77 விழுக்காடு ஹெமட்டோபியம், 23 விழுக்காடு போவிஸ் என்று கணக்கிட்டார்கள்.

இது தெரிந்ததும் உள்ளூர் மாடுகள் மேல் ஒரு சந்தேகம் எழுந்தது. காரணம் இல்லாமல் இல்லை. போன நூற்றாண்டில் கோர்சிகாவின் கால்நடைகளில் போவிஸ் புழு இருந்ததாகப் பதிவுகள் உண்டு. வெளியிலிருந்து வந்த ஹெமட்டோபியமும் தீவின் பழைய போவிஸும் கவு ஆற்றில் கலந்துவிட்டனவா? மரபணு வேறு பதில் சொன்னது. கோர்சிகா மாதிரிகளின் ஹெமட்டோபியம் பகுதியும் சரி, போவிஸ் பகுதியும் சரி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுப் புழுக்களோடுதான் நெருங்கி நின்றன. அங்கே மனிதரும் மாடுகளும் ஒரே நீர்நிலையைப் பயன்படுத்தும் ஊர்களில் இந்தக் கலப்பினம் முன்பே அறியப்பட்டதுதான். ஆக, கலப்பு அங்கேயே நடந்து, கலந்த புழுதான் தீவுக்கு வந்திருக்கிறது. பிற்பாடு தீவின் ஆடு மாடுகளின் ரத்தத்தையும் எலிகளையும் சோதித்தார்கள்; நோய்ச் சங்கிலியில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று நிறுவும் சான்று கிடைக்கவில்லை.

கலப்பு ஏன் முக்கியம்? போவிஸ் புழு மத்தியதரைக் கடல் பகுதி நத்தைகளோடு பழகிய இனம். அதன் மரபணுவில் ஒரு பங்கைச் சுமந்து வரும் புழுவுக்குப் புதிய நாட்டு நத்தை எளிதாக வசப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஏற்கத்தக்க கருத்துதான்.

யார் கொண்டுவந்தார்? மேற்கு ஆப்பிரிக்காவில் தொற்று வாங்கிய யாரோ ஒருவர், அல்லது சிலர், இந்த ஆற்றில் சிறுநீர் கழித்திருக்கிறார்கள். அறிவியலால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அவர் செனகல்காரராக இருக்கலாம். அங்கே வேலைக்கோ விடுமுறைக்கோ போய்வந்த பிரெஞ்சுக்காரராக இருக்கலாம். கோர்சிகாவிலேயே பிறந்தவராகவும் இருக்கலாம். தனக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படியான செய்தி வந்தவுடன் புலம்பெயர்ந்து வந்தவர்கள் பக்கம் விரல் நீட்டுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. அந்த விரலுக்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய்க்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு. ஆப்பிரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ரத்தம் வருவது அன்றாடச் செய்தியாகக் கடந்துபோகிறது. அங்கே அவர்களுக்கு மருந்தும் நல்ல தண்ணீரும் கிடைத்திருந்தால் கவு ஆற்றுக்கு இந்தப் புழு வந்திருக்காது.

முன்பும் நடந்திருக்கிறது

ஐரோப்பாவுக்கு இது முதல் முறை என்று பல செய்திகள் எழுதின. சரியில்லை. போர்ச்சுகலின் தென்கோடியில் தவீரா என்ற ஊரில் 1920களின் தொடக்கத்திலேயே பில்ஹார்சியா கண்டறியப்பட்டது. அங்கே அதைப் பரப்பியது புலினஸ்கூட இல்லை. ப்ளனார்பேரியஸ் என்ற வேறொரு நன்னீர் நத்தை. பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு அந்த நோய்மையம் மறைந்தது.

சைப்ரஸில் சிரியானோகோரி என்று ஒரு கிராமம். அங்கே பில்ஹார்சியா இருப்பதை 1928-இல் எழுதியவர் ராபர்ட் லைப்பர். இவர் சாதாரண ஆள் இல்லை. 1915-இல் எகிப்தில், கெய்ரோவுக்குப் பக்கத்தில், இந்தப் புழு நத்தையின் வழியாகத்தான் மனிதனுக்கு வருகிறது என்பதை நிறுவியவர். அதுவரை மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகப் பரவுகிறது என்று வாதாடியவர்கள் உண்டு.

ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் 2003 வாக்கில் ஒரு பாசனக் குளத்தில் குளித்த நான்கு பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் காய்கறி விளைவிக்கும் பெருநிலம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய. அந்தப் பகுதி நீர்நிலைகளில் புலினஸ் நத்தை உண்டு. இந்த நிகழ்வு ஆய்விதழில் முறையாக வெளிவந்தது 2021-இல். கோர்சிகாவில் நடந்தது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோர்சிகாவுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே நடந்த ஒன்று, அதற்குப் பின்னரே பொது அறிவாக ஆனது. சிறுநீரில் ரத்தத்தோடு வருபவரிடம் "எந்த ஆற்றில் குளித்தீர்கள்?" என்று ஐரோப்பிய மருத்துவர்கள் கேட்கும் பழக்கம் இல்லாததுதான் காரணம். கேட்காத கேள்விக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள்

2014 கோடையில் கவு ஆற்றில் குளிக்கத் தடை வந்தது. 2011 முதல் 2013 வரை அங்கே குளித்தவர்கள் அனைவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பிரெஞ்சு சுகாதாரத் துறை அறிவித்தது. பல்லாயிரம் பேர் பரிசோதித்துக்கொண்டார்கள்.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல் இருந்தது. இந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒரு கோடையில் சில முறை குளித்தவர்கள். உடலில் புழுக்கள் சொற்பம், சிறுநீரில் முட்டை அரிது. பலருக்கு அறிகுறியே இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் சொன்னன. ஒன்று 'இருக்கிறது' என்றால் இன்னொன்று 'இல்லை' என்றது. ஆப்பிரிக்காவில் கடுமையாகத் தொற்றியவர்களை வைத்து உருவான அளவுகோல், லேசாகத் தொற்றியவர்களிடம் தடுமாறுவது இயல்புதான்.

சிகிச்சை எளிது. ப்ராசிகுவான்டெல் மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. ஆனால் அது வளர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும். உடலுக்குள் புதிதாக நுழைந்த இளம்புழு தப்பிவிடும். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி கொடுப்பார்கள்.

நத்தைகளைக் கொன்றுவிட்டால் என்ன? நிக்லோசமைடு என்ற நத்தைக்கொல்லி இருக்கிறது; ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் பயன்படுகிறது. ஆனால் அது மீனையும் தவளை இனங்களையும் சேர்த்தே கொல்லும். கோர்சிகாவின் மலை ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சாலமாண்டர் வாழ்கிறது. தீவுக்கே உரிய டிரவுட் மீனும் உண்டு. அப்படிப்பட்ட நீரோட்டத்தில் விஷம் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். பயனும் நிலைக்காது. தப்பிய ஒரே நத்தை தனியாகவே முட்டையிட்டுக் குட்டையை நிரப்பிவிடும் என்று மேலே சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடல் கிராமங்களின் ஊற்றுகளில் புலினஸைவிடச் சிறிய நத்தைகள் நூற்றுக்கணக்கான வகைகளில் வாழ்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கிரீஸிலும் பால்கன் நாடுகளிலும் சில வகைகளுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஊற்றுதான் வீடு. ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் எடுக்க அந்த ஊற்றைக் கட்டிவிட்டால் அந்த இனமே முடிந்தது. அவை எந்த நோயையும் பரப்புவதில்லை. 'நத்தை என்றால் நோய்' என்ற பயம் ஒரு முறை பரவிவிட்டால், அந்த வேறுபாட்டை யார் பார்ப்பார்கள்? புலினஸும் குற்றவாளி இல்லை. மனிதனின் சிறுநீர் ஆற்றில் விழும்வரை அது பாசி தின்று வாழ்ந்த ஒரு பிராணி, அவ்வளவே.

ஆகவே சங்கிலியை வெட்டச் சிறந்த இடம் கழிப்பறைதான். குளிக்க வருகிற கூட்டத்துக்கு ஆற்றங்கரையிலேயே கழிப்பறை வேண்டும். 'ஆற்றில் சிறுநீர் கழிக்காதீர்கள், காரணம் இது' என்று விளக்கும் பலகை வேண்டும். உள்ளூர் மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. சில ஆயிரம் பேருக்கான வசதிகளோடு இருக்கும் சின்ன ஊருக்குக் கோடையில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்து இறங்கும்போது, முதலில் போதாமல் போவது இந்தச் சாதாரண விஷயங்கள்தான். வருமானம் வரும் இடத்தில் கழிப்பறை கட்டுவது செலவு என்று தள்ளிப்போடுவது தீவுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை.

முடிந்ததா?

தடை பின்னர் விலகியது, மக்கள் மறுபடி குளித்தார்கள். 2013-க்குப் பிறகு கவு ஆற்றில் இறங்கியவர்களிடமும் சில தொற்றுகள் தெரியவந்தன. 2018-இல் வெளியான ஆய்வு, பரவல் 2013-க்குப் பிறகும் தொடர்ந்திருக்கிறது என்றே முடிவு செய்தது. அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் ஓடும் சோலென்சாரா ஆற்றோடு தொடர்புள்ள தொற்றும் பின்னர் பதிவானது.

தொடர்வதற்கு இரண்டு வழிகள் இருக்க முடியும். முதல் வழி மனிதன். இந்தப் புழு உடலில் பல ஆண்டுகள் வாழும். 2013-இல் தொற்று வாங்கி, பரிசோதனைக்கு வராமல், மருந்து எடுக்காமல் இருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு கோடையிலும் அதே ஆற்றில் குளித்தால், ஒவ்வொரு கோடையிலும் நத்தைகளுக்குப் புதிதாகத் தொற்றும். இரண்டாம் வழி நத்தை. குளிர்காலத்தில் கவு ஆற்றின் நீர் புழுவின் வளர்ச்சிக்குப் போதாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். அந்தக் குளிரை நத்தையும் அதற்குள் இருக்கும் புழுவும் தாங்குமா என்று பெர்பிஞான் குழு ஆய்வகத்தில் கோர்சிகாவின் குளிர்கால வெப்பநிலையை உண்டாக்கிச் சோதித்தது. 2019-இல் வெளியான முடிவு: தாங்க முடியும். குளிரில் முடங்கிக் கிடந்துவிட்டு, நீர் சூடானதும் புழு மறுபடி வெளியே வரலாம்.

எனக்கு முதல் வழிதான் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. வெள்ளமும் குளிரும் நத்தையின் குறுகிய ஆயுளும் சேர்ந்து, ஆயிரக்கணக்கில் ஒன்றாக இருக்கும் தொற்றுள்ள நத்தையை ஆண்டுதோறும் கடத்திக்கொண்டு போவது கடினம். மனித உடலோ வெப்பமான, பல ஆண்டு நிலைக்கும் பாதுகாப்பான இடம். அப்படியானால், ஆற்றைக் கண்காணிப்பதைவிட, 2014-இல் பரிசோதனைக்கு வராமல் போனவர்களைத் தேடிப் போவதுதான் பெரிய வேலை. ஊர்ப் பெயர் கெட்டுவிடும், சுற்றுலா படுத்துவிடும் என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருக்கும் ஒரு சின்ன ஊரில் அது எளிதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருடத்தில் இரண்டு மாத வருமானத்தை நம்பி மீதிப் பத்து மாதம் வாழ்பவர்கள் அவர்கள்.

ஆற்றைக் கண்காணிக்கும் முறையும் இப்போது மாறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான நத்தைகளைக் கையால் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பதில், ஆற்று நீரை எடுத்து வடிகட்டி, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைப் படிக்கிறார்கள். உயிரினங்கள் தோல், சளி, கழிவு என்று தண்ணீரில் விட்டுச்செல்லும் தடயம் அது. அங்கே எந்த நன்னீர் நத்தைகள் வாழ்கின்றன என்று அந்த நீரே சொல்லிவிடும். ஒரே நாளில் பல ஆறுகளிலிருந்து நீர் எடுத்துவிடலாம் என்பதால், புலினஸ் எந்தெந்த ஆறுகளில் இருக்கிறது என்ற வரைபடத்தைத் தீவு முழுக்கவும், அப்புறம் சார்டினியா, ஸ்பெயின் என்று மற்ற கரைகளுக்கும் நீட்ட முடியும். எந்தக் குட்டைக்குப் பக்கத்தில் முதலில் கழிப்பறை கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த வரைபடம் வேண்டும்.